சோளத்துக்குப் போன நிலம்

நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. அப்பா தபால் கந்தோரில் வேலை செய்தார். எங்கள் வளவில் ஒரு முருங்கை நின்றது, அதுவும் தானாக முளைத்தது. மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மொன்றியலுக்கு வந்து, நாற்பது வயதைத் தாண்டிய பிறகு தெரிந்துகொண்டவைதான்.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி அது. செயின்ட்-மிஷேலில் ஒரு மூன்று மாடி வீட்டின் நடு மாடியில் இருந்தோம். நான் வேலை செய்த தையல் தொழிற்சாலையை ஒரு வெள்ளிக்கிழமை பூட்டினார்கள். வெளிநாட்டுத் துணிக்கு இருந்த கட்டுப்பாட்டை அரசாங்கம் எடுத்துவிட்டது, இனி இங்கே தைத்துக் கட்டுப்படியாகாது என்று மேற்பார்வையாளர் சொன்னார். பன்னிரண்டு வருடம் ஒரே மெஷினில் இருந்தவளிடம் அதை ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

மாதா கோயிலில் பூசைக்கு வரும் ஒரு அக்கா தோட்ட வேலையைப் பற்றிச் சொன்னா. விடியற்காலையில் மெட்ரோ வாசலில் ஒரு வான் வந்து நிற்கும், ஆட்களை ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டித் தெற்கே போகும், பின்னேரம் கொண்டுவந்து விடும். அந்த வானில் ஹெயிட்டிக்காரர், பங்களாதேஷ்காரர், எங்கட ஆட்கள் என்று கலந்து இருந்தோம். போய் வெள்ளரிக்காயும் போஞ்சியும் பிடுங்கினோம். முதல் கிழமை முழுக்க என்னால் நிமிர முடியவில்லை. இரண்டாவது கிழமையில் இடுப்பு பழகிவிட்டது.

அந்தத் தோட்டத்தின் சொந்தக்காரரை நாங்கள் எங்களுக்குள் கமக்காரர் என்றுதான் சொல்வோம். அறுபது வயதிருக்கும். கியூபெக்கிலேயே பிறந்து வளர்ந்தவர், பிரெஞ்சு மட்டும்தான் கதைப்பார், அதுவும் குறைவு. மனைவி நல்ல மனுசி. மழை பெய்து வேலை நின்றால் சூப் கொண்டுவந்து எங்கள் எல்லாருக்கும் ஊற்றித் தருவா. என்னை "மதாம்" என்று கூப்பிடுவா. தையல் தொழிற்சாலையில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஓடைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. முன்பு அதில் ஒரு பெரிய கடைக்கு மரக்கறி போட்டவராம். அமெரிக்காவில் இருந்து மலிவாக வரத் தொடங்கியதும் கடைக்காரர் வேண்டாம் என்று விட்டார்கள். நிலத்தில் கல்லும் புல்லும். நான் சாப்பாட்டு நேரத்தில் போய் அந்த வரம்பில் இருப்பேன். காற்று மறைவான இடம். சூடு தேங்கி நிற்கும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் சூடுதான் வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அந்தத் துண்டைக் குத்தகைக்குக் கேட்டால் என்ன என்று வீட்டில் சொன்னேன். என் கணவர் அப்போது ஒரு ரெஸ்டோரண்டில் சமையல் வேலையில் இருந்தார். சிரித்தார். ஆனால் அவருடைய தம்பி சிரிக்கவில்லை. தம்பி பதினைந்து வயதில் இங்கே வந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். கியூபெக்காரர் சொல்கிற பகிடிக்கு அவர்களோடு சேர்ந்து சிரிக்கத் தெரிந்தவன். கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வீடு. நானும் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன்.

"அண்ணி, நான் வந்து கதைக்கிறன்," என்றான். "கேட்டுப் பார்க்கிறதுக்கு என்ன."

ஒரு ஞாயிறு பூசை முடிந்து மூன்று பேரும் போனோம். தம்பியும் கமக்காரரும் களஞ்சியத்தின் நிழலில் நின்று கனநேரம் கதைத்தார்கள். பிறகு தம்பி திரும்பி எங்களிடம் சொன்னான்: "ஐஞ்சு வருசத்துக்குத் தாறாராம். முதல் வருசம் குத்தகை வேண்டாமாம், கல்லைப் பொறுக்கி நிலத்தைத் திருத்தினால் போதுமாம். பேந்து பார்த்து ஏதும் குடுங்கோ எண்டு சொல்லுறார்."

கமக்காரர் முதலில் தம்பிக்குக் கை கொடுத்தார், பிறகு என் கணவருக்கு, பிறகு எனக்கு. ஒரு ஒப்பந்தத்துக்காக எனக்குக் கை கொடுத்த முதல் ஆள் அவர்தான். அந்தக் கை மரக்கட்டை மாதிரி இருந்தது. எழுத்தில் ஒன்றும் வேண்டாமா என்று கணவர் தம்பியிடம் கேட்டார். "இவையள் அப்பிடியான ஆக்கள் இல்லை அண்ணை, வாய் வார்த்தை காணும்," என்றான் தம்பி.

முதல் கோடை முழுக்கக் கல் பொறுக்கினோம். கிழமையில் நான் வானில் போய் அவருடைய வெள்ளரியைப் பிடுங்குவேன், சனி ஞாயிறில் எங்கள் நிலத்தில் நிற்பேன். கற்களை ஓடைக்கரையில் குவித்தோம், அது ஒரு சின்ன மதிலாக வளர்ந்தது. பாதி நிலத்தில்தான் நட முடிந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் விரித்து, ஓட்டை போட்டு, கத்தரி, மிளகாய், வெண்டி. பாகல் கொடிக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டினோம். ஆவணியில் காய்த்தது பாருங்கள், எங்களுக்கே நம்பிக்கை வரவில்லை. தம்பி தன் வானில் ஏற்றிக்கொண்டு போய்த் தமிழ்க் கடைகளுக்குப் போட்டான். மிச்சத்தைப் பூசை முடிந்து கோயில் வாசலில் வைத்தோம். கர்க்லாண்டில் பெரிய வீடுகளில் இருக்கும் எங்கட டொக்டர்மார் குடும்பங்கள் முதலே சொல்லிவைத்து வாங்கினார்கள். மெக்சிக்கோவில் இருந்து வரும் வெண்டிக்காயை உடைத்தால் நார் இழுக்கும், எங்களுடையது டக்கென்று முறியும்.

இரண்டாவது கோடை முழு நிலத்திலும் நட்டோம். அந்த வருடம்தான் கமக்காரரின் முகம் மாறத் தொடங்கியது. டீசல் விலை ஏறியது. பசளை விலை அதைவிட வேகமாக ஏறியது. ஒருநாள் மத்தியானம் அவர் தன் இழுவைப் பெட்டியின் விளிம்பில் இருந்து தம்பியிடம் நிறையக் கதைத்தார். தம்பி துண்டு துண்டாக எங்களுக்குச் சொன்னான்.

"போன வருசம் ஒரு லொறி பசளை வாங்கின காசுக்கு இந்த வருசம் அரை லொறிதான் வருதாம். விதை விக்கிறவனும் ஏத்திப்போட்டானாம். ஆனா சோளத்துக்கு மட்டும் நல்ல விலையாம்."

"ஏன் சோளத்துக்கு மட்டும்?" என்று கேட்டேன்.

"அமெரிக்காவிலை சோளத்திலை இருந்து பெற்றோல் மாதிரி ஒண்டு செய்யச் சொல்லி அரசாங்கம் சட்டம் போடுதாம். கார் குடிக்கிறதுக்குச் சோளம் போகுது. அதாலை இஞ்சையும் விலை."

எனக்கு அது ஒரு வேடிக்கையான செய்தியாகத்தான் பட்டது. அமெரிக்கக் காருக்கும் என் கத்தரிச் செடிக்கும் என்ன தொடர்பு என்று நான் யோசிக்கவில்லை. கமக்காரரைப் பார்த்துப் பாவம் என்று நினைத்தேன். அன்றைக்கு அவருக்கு ஒரு பை நிறையத் தக்காளி கொடுத்தேன்.

இலையுதிர் காலத்தில் கடைசிக் காய் பிடுங்கிய பிறகும் நாங்கள் ஓயவில்லை. பக்கத்துக் குதிரை லாயத்தில் எருவைச் சும்மா தந்தார்கள். கணவரும் தம்பியும் வானில் நடை நடையாக ஏற்றிவந்து கொட்ட, நான் முள்வாரியால் பரவினேன். பசளை விற்கும் விலையில் அது பெரிய சொத்து. கமக்காரர் வந்து நின்று பார்த்தார். ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கினார். பிறகு தம்பியைக் கூட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் போனார். திரும்பி வந்த தம்பியிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"நல்லாத் திருத்தி இருக்கிறியளாம். குளிர் காலம் சுகமா இருங்கோ எண்டு சொன்னார்."

அந்தக் குளிர் காலம் முழுக்கத் தம்பி ஞாயிறுகளில் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். மூன்றாவது வருடத்தைப் பற்றிக் கதைத்தோம். புதிதாகச் சில கடைகள் கேட்பதாகச் சொன்னான். கணவர் ஒருநாள், "நான் ரெஸ்டோரண்டை விட்டிட்டு முழு நேரமாத் தோட்டத்திலை நிண்டால் என்ன?" என்று கேட்டார். தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே, "நல்லது அண்ணை, நிண்டால்தான் சரிவரும்," என்றான். அவர் அடுத்த மாதமே வேலையை விட்டார். திரும்பி வந்தால் எடுக்க மாட்டேன் என்று முதலாளி சொல்லித்தான் அனுப்பினார்.

முன் அறையில் யன்னல் ஓரமெல்லாம் நாற்றுத் தட்டு. வெளியே ஸ்னோ உறைந்து கிடக்க, உள்ளே கத்தரி இரண்டிலை விட்டது. கட்டிலை நகர்த்தி, மேசையைக் குசினிக்குள் தள்ளி, வீடே நாற்று மேடையாகப் போயிற்று. மாதாவின் சுரூபத்துக்குப் பக்கத்திலும் ஒரு தட்டு மிளகாய் வைத்திருந்தேன்.

மே மாதம் குளிர் விட்டதும் பிளாஸ்டிக் விரிக்க நானும் கணவரும் போனோம். தம்பி வேறு அலுவல் என்று வரவில்லை. பழைய கார் ஒன்று வாங்கி இருந்தோம், அதில் போனோம். பாதையில் இருந்து திரும்பும்போதே கணவர் காரை மெதுவாக்கினார்.

"இடம் மாறி வந்திட்டமோ?" என்றார்.

மாறவில்லை. ஓடை அங்கேதான் இருந்தது. ஆனால் எங்கள் வரம்பு இல்லை. பெரிய இயந்திரத்தால் உழுது, கமக்காரரின் அடுத்த நிலத்தோடு எங்கள் நிலத்தையும் ஒன்றாக்கி, கோடு கீறின மாதிரி நேராகச் சால் போயிருந்தது. நாங்கள் பரவிய எரு கறுப்பாக மண்ணோடு புரண்டு கிடந்தது. பாகல் கொடிக்கு நட்ட கம்புகளைப் பிடுங்கிப் பாதையோரம் குவித்திருந்தார்கள். விதைத்தும் ஆகிவிட்டது.

நான் இறங்கி வீட்டை நோக்கி நடந்தேன். கமக்காரரின் மனைவி என்னைக் கண்டு வாசலுக்கு வந்தா. வானில் போன காலத்திலும் கோயிலில் நடந்த இலவச வகுப்பிலும் பொறுக்கிய பிரெஞ்சுதான் என்னிடம் இருந்தது.

"மதாம், எங்கள் நிலம்," என்றேன். உழுத பக்கம் கையைக் காட்டினேன்.

அவ என்னை விளங்காமல் பார்த்தா. பிறகு ஒவ்வொரு சொல்லாக, எனக்கு விளங்கும்படி நிறுத்திச் சொன்னா. "உங்கள் தம்பி சொல்லவில்லையா? இலையுதிர் காலத்திலேயே என் புருசன் அவரிடம் சொன்னாரே. இனிச் சோளம் மட்டும்தான் என்று."

நான் இல்லை என்று தலையாட்டினேன். அவ வாயைப் பொத்திக்கொண்டா. பிறகு இன்னொன்றையும் சொன்னா, சொல்லாமல் விடலாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னது போல. களஞ்சியத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் துண்டை எங்கள் குடும்பத்துக்கு என்று ஒதுக்கி இருந்தார்களாம். அதைத் தம்பி தன் மனைவியின் அண்ணனோடு சேர்ந்து எடுத்துக்கொண்டானாம். நீங்கள் இருவரும் களைத்துவிட்டீர்கள், இனித் தோட்டம் வேண்டாம் என்கிறீர்கள் என்று அவர்களிடம் சொன்னானாம்.

அதற்குள் கமக்காரர் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கணவர் என் பின்னால் நின்றார்.

"மதாம், சோளத்துக்கு விலை விழுந்தால் குறைவதை அரசாங்கம் நிரவும்," என்று அவரும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அதற்கு ஒரு காப்புத் திட்டம் இருக்கிறது. உங்கள் கத்தரிக்காய்க்கு அப்படி ஒன்று கிடையாது. பசளைக் கடனோடு நான் வேறு என்ன செய்ய? உங்கள் ஆளிடம் சொன்னேன். அவரிடம் சொன்னால் உங்களிடம் சொன்ன மாதிரித்தானே."

"நீங்கள் எனக்குக் கை தந்தீர்கள்," என்றேன். "அவருக்கு மட்டும் இல்லை, எனக்கும்."

அவர் ஓம் என்று தலையை அசைத்தார். மறுக்கவில்லை. எருவுக்கு ஏதாவது தருகிறேன் என்று தொடங்கினார், கணவர் வேண்டாம் என்று கை காட்டினார். ஐந்து வருடம் என்றவர் இரண்டே வருடத்தில், நாங்கள் கல்லையெல்லாம் பொறுக்கி எருவும் போட்டு முடித்த பிறகு, எடுத்துக்கொண்டார். எரு பரவிய அன்றைக்கு அந்த மண்ணைக் கசக்கிப் பார்த்தபோதே அவருக்குத் தெரியும். அவர் செய்ததற்குக் காரணம் இருந்தது. காரணம் இருந்தது என்பதால் நான் அதை மன்னிக்கவில்லை.

வரும் வழியில் பாலத்தில் வாகனம் நெரிந்து நின்றபோது கணவர், "அவன் என்ரை வீட்டிலை இருந்து சாப்பிட்டுக்கொண்டு வேலையை விடச் சொன்னவன்," என்றார்.

அடுத்த ஞாயிறு தம்பி வந்தான். கமக்காரர் அவனிடம் சொல்லி இருக்க வேண்டும், விசயம் தெரிந்துதான் வந்தான். முன் அறையில் நாற்றுத் தட்டுகளுக்கு நடுவே கதிரை போட்டு இருந்தான். கணவர் குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி எங்களுக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொல்லி என்ன செய்யிறது அண்ணி? நிலம் எப்பிடியும் போகத்தான் போகுது. அந்தச் சின்னத் துண்டு ரண்டு குடும்பத்துக்குக் காணாது. எனக்குப் பிள்ளையள் இருக்கு."

"அது சரி. அப்ப ஏன் கொண்ணையை வேலையை விடச் சொன்னனி?"

அவன் காலடியில் இருந்த நாற்றுத் தட்டை நகர்த்தி வைத்தான். பிறகு, "அந்த நேரம் வேண்டாமெண்டு சொன்னால் ஏனெண்டு கேப்பியள்," என்றான். "ஒவ்வொரு ஞாயிறும் சொல்ல வேணும் எண்டுதான் வந்தனான். நாள் போகப் போகச் சொல்லேலாமல் போச்சு."

கணவர் அடுப்பை நிற்பாட்டினார். குசினி வாசலில் வந்து நின்று, "சாப்பிட்டிட்டுப் போ," என்றார். தம்பி எழும்பிச் சாப்பிடாமல் போனான். அதற்குப் பிறகு கன காலம் அவன் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

நாற்றுகளை என்ன செய்வது? கோயில் வாசலில் வைத்து விரும்பியவர்கள் எடுங்கள் என்றோம். கர்க்லாண்டில் ஒரு டொக்டர் அம்மா பத்துப் பதினைந்தை எடுத்துப்போய்த் தன் வீட்டுப் பின்வளவில் நட்டா. மிச்சம் எங்கள் பல்கனியில் வாடியது.

யாரோ சொன்னார்கள் என்று விவசாய அலுவலகம் ஒன்றுக்கும் போனேன். இந்தத் தடவை மொழிபெயர்க்க யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நடந்ததைச் சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளம் பெண் பொறுமையாகக் கேட்டாள். விளங்காத இடத்தில் திரும்பக் கேட்டாள். கடைசியில், உதவி எல்லாம் பதிந்த விவசாயிகளுக்குத்தான், சொந்த நிலமோ எழுதின குத்தகையோ இருந்தால்தான் பதியலாம் என்றாள். சோளத்துக்கு, சோயாவுக்கு, பாலுக்கு எல்லாம் ஒவ்வொரு ஏற்பாடு இருந்தது. பாகற்காயை அவளுக்கு என்னவென்றே தெரியவில்லை, நான் கையால் காட்டினேன்.

"எங்கள் கணக்கில் நீங்கள் விவசாயி இல்லை, மதாம்," என்றாள். மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லி இருந்தால் எனக்கு வீட்டுக்கு நடப்பது சுலபமாக இருந்திருக்கும்.

அந்தக் கோடை மழைக் கோடை. அறுவடைக்குள் உலகம் முழுக்க வங்கிகள் ஆட்டம் காணத் தொடங்கின. சோளத்தின் விலையும் விழுந்தது. கமக்காரர் பசளையை உச்ச விலையில் வாங்கி இருந்தார், விற்கும்போது விலை பள்ளத்தில். அரசாங்கம் நிரவியதாம், ஆனால் அந்த நிரவல் பெரிதாக உழுகிறவனுக்குத்தான் கட்டுப்படியாகும் என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த குளிர் காலத்தில் அவருடைய மனைவி எனக்கு ரெலிபோன் எடுத்தா. நிலத்தைப் பக்கத்துப் பெரிய தானியக்காரருக்கு விற்றுவிட்டோம், பட்டணத்தில் ஒரு சின்ன வீட்டுக்குப் போகிறோம் என்றா. "உங்களுக்கு நான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்," என்றா. இந்தச் செய்தியை யாராவது எனக்கு நேராகச் சொன்னார்களே என்று இருந்தது. மெர்சி என்று நன்றி சொன்னேன். களஞ்சியத்துக்குப் பின்னால் இருந்த தம்பியின் துண்டும் அதோடு போயிற்று. எனக்குச் சந்தோசம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

கணவர் வேறு ஒரு ரெஸ்டோரண்டில், முன்பு செய்ததைவிடக் குறைந்த வேலையில், கோப்பை கழுவத் தொடங்கி மெல்ல மெல்லத் திரும்ப அடுப்புக்கு வந்தார். நான் இல்-பிசார் தீவுக்கு அந்தப் பக்கம், ஆற்றுக்கு அக்கரையில் லவாலில் ஒரு பூங்கன்றுப் பண்ணையில் வேலை எடுத்தேன். கோடையில் ஆற்றில் ஓடும் ஒரு சின்னப் படகில் கடந்து போவேன். கண்ணாடிக் கூடாரத்துக்குள் மற்றவர்களின் செடிக்குத் தண்ணீர் விட்டேன். சம்பளம் வரும். இந்த இடம் எத்தனை வருடம் இருக்கும் என்று நான் யாரிடமும் கேட்பதில்லை.

சில வருடம் கழித்து ஒரு ஞானஸ்நான வீட்டில் தம்பி என் கணவரிடம் வந்து கதைத்தான். வேறு ஒரு நிலம் எடுத்திருக்கிறானாம், இந்தத் தடவை எழுத்தில். ஆள் உதவி வேண்டும் என்று கேட்டான். கணவர் என்னைப் பார்த்தார்.

"நான் வரமாட்டன்," என்றேன். "நீங்கள் போறதெண்டால் போங்கோ."

அவர் போனார். சனிக்கிழமைகளில் மட்டும் என்று தொடங்கினார். தம்பிக்காரன், இரத்தம், விட முடியவில்லை என்று எனக்கு விளங்கியது. ஆனால் எனக்கு அந்த இரத்தம் இல்லை. அவன் சொன்ன ஒவ்வொரு மொழிபெயர்ப்பையும் நான் இப்போதும் சில வேளை நினைத்துப் பார்க்கிறேன், வேறு எதை எதை விட்டிருப்பான் என்று.

ஆவணியில் ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் கணவர் தம்பியின் தோட்டத்தில் இருந்து ஒரு பை கத்தரிக்காயோடு வந்தார். நல்ல காய், ஊதா நிறம் மினுங்கியது. மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நான் அதைக் கழுவி வெட்டிப் பொரித்து, பால் விட்டுக் கறி வைத்தேன். அவருக்குப் பரிமாறினேன். எனக்கு ஒரு முட்டை பொரித்துக்கொண்டேன்.